டிம்மரும் 50 விளக்குகளும்: நெதர்லாந்தில் மீட்டர்கள் தப்பாக எண்ணியது எப்படி

2017 மார்ச் மாதம் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. வீடுகளில் மாட்டுகிற மின்னணு மின் மீட்டர்கள் 9 எடுத்து, சாதாரண வீட்டு விளக்குகளையும் ஹீட்டரையும் வெளிச்சத்தைக் கூட்டிக்குறைக்கும் டிம்மரையும் இணைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். 9 மீட்டர்களில் 5 உண்மையான செலவைவிட மிக அதிகமாகக் காட்டின. சில அமைப்புகளில் அதிகப்படி 582 சதவீதம் வரை போனது, அதாவது 100 யூனிட் எரிந்த இடத்தில் 682 யூனிட். இன்னும் 2 மீட்டர்கள் 30 சதவீதம் குறைவாகக் காட்டின. இவை எதுவும் திருட்டு மீட்டரோ பழுதான மீட்டரோ கிடையாது, எல்லாமே சட்டம் கேட்ட சோதனைகளில் தேறி சான்றிதழ் வாங்கியவை.

இந்த நிகழ்வைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மின்சாரத் துறையில் மின்காந்தக் குறுக்கீடு, அதாவது ஒரு சாதனத்தின் மின் இரைச்சல் இன்னொன்றைக் குழப்புவது, என்று பேச ஆரம்பித்தாலே படிப்பவருக்கு அது ஏதோ ஆய்வுக்கூடத்து விஷயமாகத் தோன்றிவிடுகிறது. இங்கே அது நேராக வீட்டு பில்லில் வந்து உட்கார்ந்தது, அதனால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அப்புறம், இந்தச் செய்தி வந்தபோது பலர் "ஸ்மார்ட் மீட்டர் ஏமாற்றுகிறது" என்று சுருக்கிவிட்டார்கள், அது தவறு. ஸ்மார்ட் மீட்டரில் இருக்கும் தகவல் தொடர்புப் பகுதிக்கும் இந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. பிழை இருந்தது மின்னோட்டத்தை அளக்கும் இடத்தில், அது ஸ்மார்ட் இல்லாத சாதாரண மின்னணு மீட்டரிலும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு பழைய நினைவு. எங்கள் வீட்டில் முன்பு ஃபேனுக்குப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தது, உள்ளே கம்பிச் சுருள் தடை, கை வைத்தால் சுடும். அதைக் கழற்றிவிட்டு சின்ன மின்னணு ரெகுலேட்டர் போட்டார்கள். அன்றிலிருந்து ஃபேன் நடுத்தர வேகத்தில் ஓடும்போதெல்லாம் மத்திய அலை வானொலியில் ஒரு "ர்ர்ர்ர்" சத்தம் கூடவே வரும், முழு வேகத்தில் வைத்தால் குறைந்துவிடும். இது பல வீடுகளில் நடந்தது, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சத்தமும் ட்வென்டேயில் மீட்டர்கள் தடுமாறியதும் ஒரே காரணத்தால் வந்தவை.

பெட்டி ரெகுலேட்டர் மின்சாரத்தை எல்லா நேரமும் கொஞ்சம் கொஞ்சம் தடுக்கும், அலையின் வடிவம் மாறாது. மின்னணு ரெகுலேட்டரும் டிம்மரும் வேறு மாதிரி. உள்ளே ட்ரையாக் என்ற ஒரு குறைக்கடத்தி சுவிட்ச் இருக்கிறது, அது ஒவ்வோர் அரைச்சுற்றிலும் கொஞ்ச நேரம் மின்சாரத்துக்கு வழிவிடாமல் மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அலையின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் சட்டென்று திறக்கும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சி 325 வோல்ட். பாதி வெளிச்சத்துக்கு டிம்மரை வைத்தால் ட்ரையாக் ஏறக்குறைய அந்த உச்சியில்தான் திறக்கிறது, அதாவது ஒன்றுமில்லாமல் இருந்த கம்பியில் ஒரே நொடிப்பில் 325 வோல்ட் வந்து விழுகிறது. விநாடிக்கு 100 முறை இப்படி. டங்ஸ்டன் குண்டு பல்பாக இருந்தால் அது வெறும் தடை, மின்னழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ற ஓட்டம் வரும், அவ்வளவுதான். எல்இடி, சிஎஃப்எல் விளக்குகளின் நுழைவாயிலில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் இருக்கிறது. காலியாக இருக்கும் கப்பாசிட்டர் மேல் திடீரென்று 325 வோல்ட் வந்தால், அதைத் தடுக்க வீட்டு வயரிங்கின் சின்னத் தடையும் தூண்டலும் விளக்குக்குள் ஏதாவது தடை வைத்திருந்தால் அதுவும்தான், வேறு ஒன்றும் கிடையாது. மின்னோட்டம் ஊசிபோல எழும்பி இறங்கும். 50 விளக்கு ஒரே டிம்மரில் இருந்தால் 50 ஊசியும் ஒரே கணத்தில் சேர்ந்து எழும்பும்.

இப்போது நெதர்லாந்துக்கு வருவோம். அங்கே பல பத்தாண்டுகளாக இருந்தது நாம் எல்லாரும் பார்த்த அலுமினியத் தட்டு சுற்றும் மீட்டர், அங்கே அதை ஃபெராரிஸ் மீட்டர் என்பார்கள், இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ ஃபெராரிஸ் பெயரால். அவற்றை எடுத்துவிட்டு மின்னணு மீட்டர் மாட்டியபோது, சில வீடுகளில் பயன்பாடு மாறாமலே ரீடிங் ஏறிவிட்டது என்று புகார் வந்தது. இப்படிப் புகார் வந்தால் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பழைய தட்டு மீட்டர் தேய்ந்து மெதுவாகச் சுற்றியிருக்கும், புதியதுதான் சரியாகக் காட்டுகிறது என்பது. பல இடங்களில் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும், அதனால்தான் மற்றப் புகார்களை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

இதற்குச் சில வருடங்கள் முன்பே ஜெர்மனியில் எதிர்த்திசையில் ஒரு பிரச்சினை தெரியவந்திருந்தது. கூரையில் சோலார் வைத்தவர்களின் இன்வெர்ட்டர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுவிட்ச் ஆகிறது, அந்த அதிர்வில் ஒரு பகுதி 50 ஹெர்ட்ஸ் அலைமேல் ஏறி மீட்டர் வழியாக வெளியே போகிறது, சில மின்னணு மீட்டர்கள் அதில் குழம்பி, உற்பத்தியான மின்சாரத்தைக் குறைவாக எண்ணின. அதே கம்பியில் தட்டு மீட்டர் வைத்தால் சரியாகக் காட்டியது. யூனிட்டுக்குக் காசு வாங்குகிற சோலார்காரருக்கு அது நேரடி நஷ்டம்.

அந்த வேளையில்தான் தரநிலைகளில் ஒரு பெரிய இடைவெளி இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. 50 ஹெர்ட்ஸின் மடங்குகளாக வரும் அதிர்வுகளுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர், அவை பற்றிய விதிகள் 40-ஆவது மடங்கோடு, அதாவது 2 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வானொலிக்கு இடையூறு செய்யக்கூடாது என்ற விதிகள் பெரும்பாலான சாதனங்களுக்கு 150 கிலோஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கும். நடுவில் 2 முதல் 150 வரை கிட்டத்தட்ட ஆளில்லாத நிலம். விதிகள் எழுதப்பட்ட காலத்தில் அந்த நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லை, அதனால் கவலைப்படவும் இல்லை. இன்று வீட்டு சோலார் இன்வெர்ட்டர், மின்கார் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிரைவர் என்று பலவும் சுவிட்ச் ஆவது அந்த எல்லைக்குள்தான். இந்த எல்லையில் வரும் அழுக்கை, அதாவது மின் இரைச்சலை, ஸ்வீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் மாத் போலன் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள், அதற்கு சூப்ராஹார்மோனிக்ஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஜெர்மனிப் பிரச்சினைக்குப் பிறகு ஐரோப்பியத் தரநிலை அமைப்பு 2012-இல் மீட்டர்களுக்கு இந்த எல்லையில் தாங்குதிறன் எவ்வளவு வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014-இல் சர்வதேச மின் தரநிலை அமைப்பான ஐஇசியின் 61000-4-19 என்ற சோதனை முறை வந்தது. அதன் சோதனை, தொடர்ந்து வரும் உயர் அதிர்வெண் அலையை மீட்டர் மேல் செலுத்திப் பார்ப்பது. சோலார் இன்வெர்ட்டரின் இரைச்சல் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதற்கு அது பொருத்தமான சோதனை. டிம்மரின் ஊசி வேறு சாதி. அது தொடர் அலை கிடையாது, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை மின்னல்போல வந்து போகும் ஒரு செங்குத்து விளிம்பு.

இந்தப் பின்னணியில்தான் ட்வென்டேயில் மின்காந்த ஒத்திசைவுத் துறைப் (சாதனங்கள் ஒன்றையொன்று இடையூறு செய்யாமல் ஓடுவதை ஆராயும் துறை) பேராசிரியர் ஃபிராங்க் லெஃபரிங்க், அவருடைய முனைவர் பட்ட மாணவரும் ஆம்ஸ்டர்டாம் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளருமான கேஸ் கெயர், அன்டோன் மெலென்ட்யெவ் ஆகியோர் இதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் சோதித்தவை 2004 முதல் 2014 வரை தயாரான மீட்டர்கள். சோதனை அமைப்பு மிக எளிமையானது, எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அந்த எளிமைதான்: ஒரு மின் பலகை, அதில் மீட்டர்கள், மறுமுனையில் ஹீட்டர், சிஎஃப்எல், எல்இடி, டிம்மர். விசேஷமான குறுக்கீட்டு ஜெனரேட்டர் எதுவும் கொண்டுவந்து மீட்டரை வதைக்கவில்லை. டிம்மரோடு 50 விளக்குகள் இணைத்தோம், ஒரு சராசரி டச்சு வீட்டில் 47 விளக்குகள் இருக்கின்றன, ஆகவே இது அசாதாரணச் சூழல் இல்லை என்று கெயர் விளக்கினார். மிகப் பெரிய பிழைகள் வந்தது டிம்மரும் சிக்கன விளக்குகளும் சேர்ந்தபோது.

மீட்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. மிகையாகக் காட்டியவற்றுக்குள் ரோகோவ்ஸ்கி காயில் இருந்தது. குறைவாகக் காட்டியவற்றுக்குள் ஹால் சென்சார் இருந்தது.

ரோகோவ்ஸ்கி காயில் என்பது இரும்புக் கரு இல்லாத, காற்றைச் சுற்றிய கம்பிச்சுருள். மின்னோட்டம் போகும் கம்பியைச் சுற்றி அது இருக்கும். மீட்டர் செய்பவர்கள் இதை விரும்ப நல்ல காரணங்கள் உண்டு. விலை குறைவு, இரும்பு இல்லாததால் அதிக ஓட்டத்திலும் திணறாது, பக்கத்தில் காந்தம் வைத்து ரீடிங்கைக் குறைக்கும் வேலையும் இதனிடம் செல்லாது. ஆனால் இது மின்னோட்டத்தை அளப்பதில்லை, மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் சொல்லும். அந்த மாற்றங்களைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போய் மின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பது மீட்டருக்குள் இருக்கும் சுற்றின் வேலை.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1600 வாட் ஹீட்டர் ஒன்று 50 ஹெர்ட்ஸில் ஓடினால் மின்னோட்டத்தின் உச்சி சுமார் 10 ஆம்பியர், அது மாறும் அதிகபட்ச வேகம் மைக்ரோ விநாடிக்கு 0.003 ஆம்பியர். அதே வீட்டில் 100 ஆம்பியர் முழுச் சுமை சுத்தமான அலையாக ஓடினால்கூட அந்த வேகம் 0.045-ஐத் தாண்டாது. இப்போது டிம்மர் திறக்கும் கணத்தில் 10 மைக்ரோ விநாடிக்குள் 10 ஆம்பியர் எழும்புகிறது என்று வையுங்கள், வேகம் மைக்ரோ விநாடிக்கு 1 ஆம்பியர். அதாவது சில விளக்குகளால் வந்த ஊசி, 100 ஆம்பியர் சுமை தருவதைவிட 20 மடங்குக்கு மேல் பெரிய சிக்னலைக் காயிலில் உண்டாக்குகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பெருக்கியும் எண்ணாக்கும் சுற்றும் அவ்வளவு உயரத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்படாமல் இருந்தால், உச்சியை வெட்டிவிடும், அல்லது மீண்டுவர நேரம் எடுத்து ஊசியை அகலமாக்கிவிடும், அல்லது மீட்டர் விட்டுவிட்டு எடுக்கும் இரண்டு அளவுகளுக்கு நடுவில் ஊசி விழுந்து கணக்கில் வராமலே போகும்.

சரி, ஊசி ஒரு நொடிப்புக்கூட இல்லையே, அதில் என்ன பெரிய ஆற்றல் இருக்கிறது, அது கெட்டுப்போனால் பில் எப்படி ஏறும் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது. மீட்டர் கூட்டிக்கொண்டே போகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. கடையில் கணக்கு எழுதும்போது ஒரு வரியில் தப்பாகப் போட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா மீதியும் தப்பாகத்தானே வரும், அதுபோல ஊசி வந்த கணத்தில் கூட்டல் தவறினால், அதற்கப்புறம் பல மில்லி விநாடிகளுக்கு இல்லாத ஒரு மின்னோட்டம் ஓடுவதாக மீட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் முழுக்க கம்பியில் மின்னழுத்தம் உண்மையாகவே இருக்கிறது. பொய்யான மின்னோட்டத்தை நிஜமான மின்னழுத்தத்தோடு பெருக்கினால் வருவது பொய்யான யூனிட். கூடுமா குறையுமா என்பது அந்தந்த மீட்டரின் உள் சுற்றைப் பொறுத்தது.

ஹால் சென்சார் வேறு வகை, அது கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தைக் குறைக்கடத்தித் துண்டு ஒன்றால் உணர்கிறது. அங்கே பிழை குறைவான பக்கம் விழுந்தது. நுகர்வோருக்கு அது லாபம் என்று விட்டுவிட முடியாது, தராசு தப்பு என்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்புதான்.

தட்டு மீட்டர் ஏன் பாதிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம் ஏறக்குறைய சுத்தமான 50 ஹெர்ட்ஸ் அலையாக இருக்கும்வரை, மின்னோட்டத்தில் உள்ள 50 ஹெர்ட்ஸ் பகுதி மட்டும்தான் யூனிட்டாக மாறும், மற்ற அதிர்வெண்கள் போய்ப் போய் வரும், ஆற்றல் எதையும் கொண்டுசேர்க்காது. தட்டு மந்தமானது, ஊசிகளுக்கு அது அசையாது, 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றும். அந்த மந்தமே அதைக் காப்பாற்றியது.

இப்போது சான்றிதழ் விஷயம். மீட்டர் சோதனைகளில் அலை வடிவம் கெட்ட மின்னோட்டமே கிடையாது என்று சொல்ல முடியாது. ஹார்மோனிக்ஸ் கலந்த ஓட்டம், பாதி வெட்டிய அலை போன்றவை ஐஇசி தரநிலைகளில் முன்பிருந்தே உண்டு. ஆனால் அந்த வெட்டிய அலை, தடையை வெட்டுவதுபோன்ற மென்மையான உருவம். எதிரே 50 கப்பாசிட்டர்கள் காலியாகக் காத்திருக்கும் நிலையில் விளிம்பு எவ்வளவு செங்குத்தாகும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. மீட்டர்கள் எல்லாம் சட்டத் தேவைகளைப் பூர்த்தி செய்தவை, சட்டத் தேவைகள்தான் நவீன சுவிட்சிங் சாதனங்களைப் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று லெஃபரிங்க் சொன்னார். இதில் என்னை மிகவும் வருத்தியது இதன் நடைமுறை விளைவு. ரீடிங்கில் சந்தேகம் உள்ளவர் மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம், மீட்டரில் குறை இல்லை என்று வந்தால் செலவு அவர் தலையில். அந்தச் சோதனையோ இந்தக் கெட்டுப்போன அலை வடிவங்களைத் தொடுவதே இல்லை. வீட்டில் தப்பாக எண்ணும் அதே மீட்டர் சோதனை மேசையில் சுத்தமான அலையைப் பார்த்ததும் மிகச் சரியாக எண்ணும், புகார் கொடுத்தவர் பொய்யராகி, பணமும் கட்டி வீடு திரும்புவார். நெதர்லாந்தில் குறைந்தது 750,000 வீடுகளில் இப்படிச் சந்தேகத்துக்குரிய மீட்டர்கள் இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

முடிவு வெளியானதும் டச்சு மின் விநியோக நிறுவனங்களின் கூட்டமைப்பு இதை மறுத்தது, சோதனைச் சூழல் நிஜமான வீட்டைப் போன்றதாக இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். 582 என்பது டிம்மரும் விளக்குகளும் மட்டும் ஓடும்போது வந்த எண், அதுவும் மிக மோசமான அமைப்பில். அந்த விளக்குகளின் உண்மையான செலவு சிறியது, சிறிய எண்ணின்மேல் 582 சதவீதம் என்பது, ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் துவைக்கும் இயந்திரமும் சேர்ந்த முழு மாத பில்லில் அதே சதவீதமாக வராது. எல்லா டச்சுக்காரரும் ஏழு மடங்கு கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் அது தவறு. வாதத்தின் மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. 1 அல்லது 2 சதவீதத் துல்லியம் என்று முத்திரை குத்திய கருவி, கடையில் வாங்கிய டிம்மரையும் கடையில் வாங்கிய விளக்கையும் மாட்டினால் பல மடங்கு தவறுகிறது என்றால், அந்த வீடு சராசரியா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. சராசரி இல்லாத வீட்டுக்காரரும் காசு கொடுக்கிறவர்தான்.

அதற்கப்புறம் ட்வென்டே குழு நிற்கவில்லை. 50 விளக்கு என்பதுதானே கேள்வி, ஒற்றைச் சாதனம் போதுமா என்று பார்த்தார்கள். கடையில் விற்கும், வேகத்தைக் கூட்டிக்குறைக்க வசதி உள்ள ஒரு தண்ணீர் பம்ப் கிடைத்தது, அது தனியாக ஓடினாலே மீட்டர்களில் பெரிய பிழைகள் வந்தன. விளக்கே வேண்டாம், டிம்மரே வேண்டாம், ஒரு பம்ப் போதும். அந்த அளவீடுகளிலிருந்து எது முக்கியம் என்றும் தெளிவாகத் தொடங்கியது: மின்னோட்டம் எழும்பும் சரிவின் செங்குத்து, உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம், அலையில் எந்த இடத்தில் ஊசி விழுகிறது என்பது.

2018 முதல் 2021 வரை டச்சு தேசிய அளவியல் நிறுவனமான விஎஸ்எல் தலைமையில் மீட்டர்ஈஎம்ஐ என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டம் நடந்தது, ட்வென்டேயும் அதில் சேர்ந்தது. அவர்கள் எடுத்த வழி எனக்கு மிகச் சரியாகப் பட்டது. எழுதி வைத்த அலை வடிவத்தோடு நின்றுவிடாமல், நிஜ வீடுகளிலும் கட்டடங்களிலும் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்து, அதை ஆய்வுக்கூடத்தில் அப்படியே மறுபடி ஓடவிட்டு மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். தரநிலைக் குழுக்களுக்குப் புதிய சோதனைகளைப் பரிந்துரைக்க அதுதான் அடிப்படையாக இருந்தது. இதற்கிடையில் 2017, 2018-இல் ஐஇசி 61000-2-2 தரநிலைக்கு வந்த திருத்தங்கள், குறைந்த அழுத்தக் கம்பிகளில் 2 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரை அழுக்கு எந்த அளவுக்கு இருக்கலாம் என்பதற்கு முதன்முறையாக முழு எல்லையிலும் எண்கள் கொடுத்தன. ஆளில்லாத நிலத்துக்கு எல்லைக்கல் நட்டாயிற்று. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் பழைய மீட்டர்களை அது மாற்றிவிடாது என்பது வேறு விஷயம்.

மீட்டர் பிழை இந்தப் பிரச்சினையின் ஒரு முகம் மட்டும்தான். ஐரோப்பாவில் சேகரித்த புகார்களில், தொட்டால் எரியும் மேசை விளக்குகள் யாரும் தொடாமல் தானாக எரிந்து அணைந்தது உண்டு, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கன்வெர்ட்டரின் அதிர்வை அவை விரல் என்று நினைத்துக்கொண்டன. மின்கம்பி வழியாகவே ரீடிங் அனுப்பும் மீட்டர்களுக்கு இன்னும் கஷ்டம். பிரான்சின் லிங்கி மீட்டர் போன்றவை பேசும் அதிர்வெண்கள் 36 முதல் 91 கிலோஹெர்ட்ஸ் வரை, எல்இடி டிரைவர்களும் சார்ஜர்களும் இரைச்சல் போடுவதும் அங்கேயேதான். இன்னொரு விஷயம் முதலில் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரைச்சல் போடும் சாதனத்தின் இரைச்சல் மின்மாற்றி வரை போவதே குறைவு, பெரும்பகுதி பக்கத்து சாக்கெட்டில் இருக்கும் இன்னொரு சாதனத்தின் கப்பாசிட்டருக்குள் போய்விடும். உங்கள் சோலார் இன்வெர்ட்டரின் அதிர்வை உங்கள் டிவியின் உள்ளே இருக்கும் ஃபில்டர் விழுங்கி, சூடாகிக்கொண்டிருக்கலாம். அதனால் தெருமுனைப் பெட்டியில் அளந்து பார்த்துவிட்டு இங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்வது போதாது, வீட்டுக்குள் பார்க்கவேண்டும்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும்? நெதர்லாந்து எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைப்பது நியாயமில்லை. இந்தியாவில் சிங்கிள் ஃபேஸ் வீட்டு மீட்டர்களில் பொதுவாக இருப்பது ஷண்ட் என்ற சிறு தடைத் துண்டும், நியூட்ரலில் ஒரு சிடியும் (சின்ன மின்னோட்ட மின்மாற்றி). ஷண்ட் மின்னோட்டத்தை நேராக அளக்கிறது, மாற்ற வேகத்தை அல்ல, ஆகவே மேலே சொன்ன கூட்டல் பிழை அதற்கு அதே வடிவில் வராது. ஆனால் சுமைகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன: பிஎல்டிசி ஃபேன், இன்வெர்ட்டர் ஏசி, மின் ஸ்கூட்டர் சார்ஜர், கூரையில் சோலார், எல்லாம் ஒரே சிங்கிள் ஃபேஸ் இணைப்பில். தமிழ்நாட்டில் ஒரு கூடுதல் கவலை உண்டு. நம் கட்டணம் படிப்படியாக ஏறும் ஸ்லாப் முறை, இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதலில் சில யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். 490 எரித்தவருக்கு மீட்டர் 3 சதவீதம் மிகையாகக் காட்டினாலே 504 ஆகிவிடும், பில்லில் ஏற்றம் 3 சதவீதத்தோடு நிற்காது. நாடு முழுக்க ஸ்மார்ட் மீட்டர் மாற்றும் வேலை நடக்கும் இந்த நேரத்தில், கொள்முதலின்போதே இந்தக் கெட்ட அலை வடிவங்களில் சோதித்த முடிவைக் கேட்டு வாங்குவது எளிது. மாட்டி முடித்த பிறகு கேட்பது மிகவும் கடினம்.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம், எந்த வயரையும் தொடவேண்டாம். மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும், உதாரணமாக 3200. அப்படியானால் 100 வாட் சுமைக்கு சுமார் 11 விநாடிக்கு ஒரு மின்னல் வரவேண்டும். முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி போன்ற வெறும் தடைச் சுமை ஒன்றைப் போட்டு எண்ணுங்கள். இஸ்திரிப் பெட்டி நடுவில் தானாக அணையும், அது சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் எண்ணவேண்டும். மேலே எழுதிய வாட்டுக்கு மின்னல் ஏறக்குறைய ஒத்துவந்தால் மீட்டரின் அடிப்படை சரி. அப்புறம் அதை அணைத்துவிட்டு, டிம்மரோ மின்னணு ரெகுலேட்டரோ உள்ள சுமையை மட்டும் போட்டு, நடுத்தர நிலையில் வைத்து எண்ணுங்கள். டிம்மரைப் பாதியில் வைத்த விளக்குகள் அவற்றின் அட்டையில் எழுதிய மொத்த வாட்டைத் தாண்டி எரிக்க வழியே இல்லை. பிளக்கில் மாட்டும் சின்ன வாட்மீட்டரை இதற்கு நம்பவேண்டாம், அதற்குள்ளும் ஒரு மின்னணு அளவி இருக்கிறது, அதுவும் அதே ஊசியில் குழம்பலாம். அட்டை எண்ணும் கைக்கடிகாரமும் போதும். மொத்தம் 100 வாட் விளக்குகள், 11 விநாடிக்குக் குறையாமல் ஒரு மின்னல் வரவேண்டிய இடத்தில் 2 விநாடிக்கு ஒன்று வந்தால், போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்டரைச் சோதிக்க எழுதிக் கொடுக்கும்போது அதே விளக்கும் அதே டிம்மரும் இணைந்த நிலையில் சோதிக்கவேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.